நினைவு அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டிய மாணவிக்கு மிரட்டல்: சட்டம் என்ன சொல்கிறது?

தென் மாவட்டமொன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு படிக்கும் 19 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அறக்கட்டளையின் அடையாளம் ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திவரும் சிறிய நினைவு அருங்காட்சியகத்தில், "நிதி திரட்டல் இன்டர்ன்ஷிப்" என்ற பெயரில் எட்டு வாரப் பயிற்சிக்கு அவர் சேர்ந்திருக்கிறார். சேரும்போது 1,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கியிருக்கிறார்கள். எட்டு வாரத்தில் 30,000 ரூபாய் திரட்ட வேண்டும். இலக்கைத் தொட்டால் திரட்டியதில் 10 சதவீதம் உதவித்தொகை. பாதியாவது திரட்டினால்தான் சான்றிதழ். நடுவில் விலகினால் 10,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இவ்வளவும் அடங்கிய உறுதிமொழிப் படிவத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஐந்து வாரத்தில் அவர் மூலமாக வந்த தொகை 18,400 ரூபாய். அதில் 7,200 ரூபாய் அறக்கட்டளையின் இணைப்பு வழியாக நேரே போய்விட்டது. இணைப்பைத் திறக்கத் தெரியாத பதினொரு பேர் இவருடைய ஜிபே எண்ணுக்கே 6,200 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். அதில் 4,000 ரூபாயை அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டு, மீதி 2,200 ரூபாயைத் தேர்வுக் கட்டணத்துக்குச் செலவழித்துவிட்டார். "எப்படியும் 10 சதவீதம் எனக்கு வர வேண்டியதுதானே, அதில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்" என்கிறார். சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா, அருங்காட்சியகத்துக்கென்று அப்பாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய 5,000 ரூபாய் இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது விலக விரும்புகிறார். "விலகினால் 10,000 கட்ட வேண்டும், இல்லையென்றால் போலீசில் புகார் கொடுப்பேன், கல்லூரிக்கும் எழுதுவேன்" என்று ஒருங்கிணைப்பாளர் மிரட்டுகிறார். அப்பாவிடம் சொல்லவும் பயம்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்துடன் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். "தையல்கடை அக்கா 100, பால்காரர் 50, தமிழ் மிஸ் 1,000" என்று தேதியோடு ஒவ்வொரு தொகையையும் எழுதி, அறக்கட்டளைக்கு அனுப்பியவற்றுக்கு நேரே டிக் போட்டிருக்கிறீர்கள். ஏமாற்ற நினைப்பவர் இப்படிக் கணக்கு எழுதுவதில்லை. உங்களைக் காப்பாற்றப்போகும் முதல் ஆவணம் அந்தப் பக்கம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த 2,200 ரூபாய்

நீங்கள் அதிகம் அஞ்சுவது 10,000 ரூபாய் இழப்பீட்டுக்கு. ஒரு வழக்கறிஞராக எனக்குக் கவலை தருவதோ நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன இந்த 2,200 ரூபாய். அருங்காட்சியகத்துக்கென்று ஒருவர் உங்கள் கையில் கொடுத்த பணம், உங்கள் கணக்கில் இருந்தாலும், உங்களுடையது அல்ல. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை நேர்மையற்ற நோக்கத்துடன் சொந்தத்துக்குப் பயன்படுத்துவதை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 316-ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி என்கிறது. அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருங்கிணைப்பாளரின் மிரட்டலில் சட்டத்தின் சாயல் கொஞ்சமாவது இருக்கிறதென்றால் அது இந்த ஓர் இடத்தில்தான். அதை இந்த வாரமே உங்களால் அடைத்துவிட முடியும்.

"எனக்கு வர வேண்டியதில் கழித்துக்கொண்டேன்" என்ற உங்கள் எண்ணம் சரியல்ல. நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின்படி 10 சதவீதம் என்பது 30,000 ரூபாய் இலக்கைத் தொட்ட பிறகே பிறக்கும் உரிமை. நீங்கள் இன்னும் தொடவில்லை. தொட்டிருந்தாலும், முழுத் தொகையையும் ஒப்படைத்துவிட்டு உங்கள் பங்கைக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, நன்கொடையாளரின் பணத்திலிருந்து நீங்களாகவே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் பிடித்துவைத்திருக்கும் 1,000 ரூபாய் வைப்புத்தொகையையும் இதில் கழித்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அதைத் தனியாகக் கேட்போம்.

ஆகவே இன்றே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சித்தப்பாவின் பணம் அவர் கணக்கில்தான் இருக்கிறது என்பதால், எப்படியும் இது அவருக்குத் தெரியாமல் முடியப்போவதில்லை. 2,200 ரூபாயை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். ஒருங்கிணைப்பாளரின் தனிப்பட்ட எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். குறிப்பில் "பதினொரு நன்கொடையாளர் தொகையின் மீதி" என்று எழுதி, பரிவர்த்தனை எண்ணைச் சேமித்துவையுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எந்தக் குற்றமும் நடக்கவே இல்லை என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் நேர்மையற்ற நோக்கம் இருந்ததா என்பதே இந்தக் குற்றத்தின் உயிர்நாடி. புகார் எதுவும் வருமுன் கணக்கு எழுதி, தானே முன்வந்து முழுத் தொகையையும் ஒப்படைத்த 19 வயது மாணவியிடம் அப்படியொரு நோக்கத்தை நிறுவுவது மிகக் கடினம்.

சித்தப்பாவின் 5,000 ரூபாய்

"சொந்தச் சித்தப்பாதானே, அது எப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தவறான புரிதலை வயதில் மூத்த அறங்காவலர்களிடம்கூடப் பார்த்திருக்கிறேன். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பார்ப்பது கொடுப்பவரின் குடியுரிமையை. சித்தப்பா இந்தியக் கடவுச்சீட்டுடன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவராக இருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அது வெளிநாட்டு நன்கொடையே அல்ல. அவர் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டதால், பிறந்த ஊர் எதுவாக இருந்தாலும், அவர் ஓர் அறக்கட்டளைக்குத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அறக்கட்டளை மட்டுமே அதை வாங்கலாம். அதுவும், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கப்பட்ட கணக்கில்தான் வந்து சேர வேண்டும்.

அதே சித்தப்பா தன் அண்ணனுக்குக் குடும்ப உதவியாகப் பணம் அனுப்பினால் அதற்கு இந்தச் சட்டம் தடை போடுவதில்லை. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. குடும்பத்துக்கு வந்த பணமா, குடும்பத்தின் கணக்கு வழியாக அறக்கட்டளைக்குப் போகும் பணமா என்பதில்தான் வேறுபாடு.

எனவே அந்த 5,000 ரூபாயை அறக்கட்டளைக்கு அனுப்பாதீர்கள். "அப்பாவின் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அறவே செய்யாதீர்கள், உங்கள் அப்பாவைச் சிக்கலில் இழுத்துவிடும் யோசனை அது. சித்தப்பாவிடம் நடந்ததை விளக்குங்கள். அவர் கேட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பலாம். இந்தச் சிறு தொகைக்கு வங்கிக் கட்டணமும் படிவமுமாக அலைய வேண்டாம் என்று அவர் நினைத்தால், அறக்கட்டளைக்குத் தரும் எண்ணத்தை விட்டுவிட்டதாகவும் பணம் அண்ணனிடமே இருக்கட்டும் என்றும் ஒரு செய்தி அனுப்பினால் போதும். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று அவர் விரும்பினால், உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் அறக்கட்டளையின் பதிவைச் சரிபார்த்துவிட்டு அவரே நேரடியாகக் கொடுக்கலாம்.

10,000 ரூபாய் இழப்பீடு

இரு வகையான அறிவுரை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார் அண்டை வீட்டுக்காரர். மாணவர் போட்ட கையெழுத்து செல்லாது என்கிறார் தோழி. இரண்டும் சரியல்ல. 18 வயது நிறைந்துவிட்டதால் ஒப்பந்தம் செய்யும் தகுதி உங்களுக்கு உண்டு. மாணவி என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவைத்திருப்பதாலேயே அந்தத் தொகை முழுவதும் கிடைத்துவிடாது. எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதை மட்டுமே நீதிமன்றம் வழங்கும். நீங்கள் விலகுவதால் அவர்களுக்கு என்ன இழப்பு? சம்பளம் தரவில்லை, பயிற்சிக்கென்று பெரிதாகச் செலவழித்ததாகவும் உங்கள் கடிதத்தில் இல்லை. மாறாக 11,200 ரூபாய் உங்களால் அவர்களுக்கு ஏற்கெனவே போயிருக்கிறது, 2,200-ஐயும் அனுப்பிவிட்டால் 13,400. இந்நிலையில் 10,000 ரூபாய் கேட்டு அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை, போனாலும் நிற்காது. இது காவல் நிலையத்துக்குப் போகும் விஷயமே அல்ல. பயிற்சியிலிருந்து விலகுவது குற்றமல்ல.

திரட்டும் தொகையில் சதவீதம் தருவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட தொழில்முறை நிதி திரட்டுவோர் சங்கத்தின் நெறிமுறை, திரட்டிய தொகையில் சதவீதமாக ஊதியம் பெறுவதைத் தன் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகவே தடைசெய்கிறது. கொடுப்பவரின் விருப்பத்தைவிட வாங்குபவரின் பங்கு முன்னால் வந்து நின்றுவிடும் என்பதே காரணம். தையல்கடை அக்கா கொடுத்த 100 ரூபாயில் 10 ரூபாய் உங்களுக்கு வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தீர்களா? சொல்லக் கூசியிருக்கும். அந்தக் கூச்சம் சரியானதுதான். தவறு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

நீங்கள் ஒரே வரியில் சொன்னது

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும் இடையில், ஒருங்கிணைப்பாளரைப் பற்றி, "இரவு 11 மணிக்கு மேல் போன் செய்வார், ஒருமுறை டிபி நன்றாக இருக்கிறது, வீடியோ காலில் வா என்றார், நான் எடுக்கவில்லை, பிறகுதான் மிகவும் கடுமையாகப் பேசத் தொடங்கினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். பெரிதுபடுத்தச் சொல்லவில்லை, ஆனால் இதை ஒதுக்கிவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பளம் வாங்காத பயிற்சி மாணவிக்கு உரிமை எதுவும் கிடையாது என்று நினைப்பது தவறு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறுகிறாரா இல்லையா என்று பாராமல், தன்னார்வலரையும் பயிற்சி பெறுபவரையும் "ஊழியர்" என்ற சொல்லுக்குள்ளேயே கொண்டுவருகிறது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய அமைப்பென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூகநல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். கடைசியாக நடந்த நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். உங்கள் கல்லூரியிலும் இத்தகைய குழு இருக்கும். அதன் தலைவராக உள்ள பேராசிரியையிடம் முதலில் பேசுவது உங்களுக்கு எளிதாக இருக்கலாம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. எதுவானாலும் அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு மின்னஞ்சலில் சேமித்துவையுங்கள். ஒருங்கிணைப்பாளர் செய்திக் குழுவை விட்டு உங்களை நீக்கினாலோ, செய்திகளை "அனைவருக்கும் அழி" செய்தாலோ பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

விலகல் கடிதம்

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதாதீர்கள். நிதி திரட்டலை வெளி முகமைகளிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கே என்ன நடக்கிறதென்றே அறியாத அறங்காவலர்கள் உண்டு. உங்கள் விஷயத்திலும் அப்படி இருக்கக்கூடும். அறக்கட்டளையின் நிர்வாக அறங்காவலருக்குப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையுடன் அனுப்புங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"தங்கள் அருங்காட்சியகத்தின் நிதி திரட்டல் பயிற்சியிலிருந்து இன்றுடன் விலகிக்கொள்கிறேன். என் வழியாக வந்த நன்கொடை முழுவதும் தங்கள் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது. நன்கொடையாளர் பெயர், தொகை, தேதி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றின் பட்டியலை இணைத்துள்ளேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ரசீது அனுப்பிவைக்க வேண்டுகிறேன். நான் செலுத்திய 1,000 ரூபாய் வைப்புத்தொகையைத் திருப்பித் தரவும், பணிபுரிந்த ஐந்து வாரத்துக்குச் சான்று வழங்கவும், நான் பதிவேற்றிய தொலைபேசி எண்களை நீக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இனி எல்லாத் தொடர்பும் எழுத்து வழியாக மட்டுமே இருக்கட்டும்."

விளக்கமோ மன்னிப்போ குற்றச்சாட்டோ இதில் வேண்டாம். தொலைபேசி எண்களைப் பற்றிக் குறிப்பிடக் காரணம் உண்டு: உங்கள் போனில் இருந்த 140 பேரின் எண்களை அவர்களைக் கேட்காமலேயே விரிதாளில் ஏற்றச் சொன்னது, தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையான ஒப்புதல் என்ற கோட்பாட்டுக்கே எதிரானது.

கடிதத்தின் நகலைத் துறைத்தலைவரிடம் நீங்களே முதலில் கொடுத்துவிடுங்கள். ஒருங்கிணைப்பாளர் கல்லூரிக்கு எழுதிய பிறகு நீங்கள் விளக்குவதைவிட இது பன்மடங்கு மேல். பயிற்சி நேரம் பாடத்திட்டத்துக்குக் கணக்காக வேண்டுமென்றால், எஞ்சிய வாரங்களை உங்கள் மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் முடிக்க இயலுமா என்று துறை வழியாகக் காப்பாட்சியரைக் கேட்டுப் பாருங்கள்.

நன்கொடையாளர்களிடம் திருத்திச் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கிறது. "முழு வரிவிலக்கு உண்டு" என்று சொல்லச் சொன்னார்கள், நீங்களும் சொல்லிவிட்டீர்கள். 80ஜி என்று வழங்கப்படும் சலுகையில் இத்தகைய அறக்கட்டளைகளுக்குக் கொடுத்த தொகையில் பாதிதான், அதுவும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்புக்கு உட்பட்டு, கழிவாகக் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. உங்கள் பட்டியலில் வரி கட்டக்கூடியவர் தமிழ் ஆசிரியை ஒருவராகத்தான் இருப்பார். அவரிடம் மட்டுமாவது நேரில் சொல்லிவிடுங்கள்.

அந்த அலுமினியத் தட்டு

கடிதத்தின் முடிவில், இதில் ஏன் சேர்ந்தீர்கள் என்று எழுதியிருக்கும் பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். பெல்லாரி அலிப்புரம் சிறையில் இருந்தவர் சாப்பிட்ட, கைதி எண் பொறித்த, விளிம்பு நசுங்கிய அலுமினியத் தட்டு ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகூட இல்லாமல் மேசைமேல் கிடந்ததாகவும், அதற்கொரு பெட்டி வாங்கவாவது பணம் திரட்ட வேண்டும் என்று தோன்றியதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். "இப்போது நினைத்தால் எல்லாமே ஏமாற்று என்று தோன்றுகிறது" என்று முடித்திருக்கிறீர்கள்.

அப்படி முடிவுகட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அருங்காட்சியகம் இருக்கிறது, தட்டு இருக்கிறது, அந்தத் தேவையும் உண்மையானது. பிழை, பணம் கேட்கும் முறையில். பொதுமக்களிடம் கைநீட்டிக் கேட்டு நினைவிடம் எழுப்புவது இந்த நாட்டில் மதிப்புக்குரிய வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு அடுத்த ஆண்டே, 1920-இல், அறக்கட்டளை அமைத்து மக்களிடம் நிதி திரட்டித்தான் அந்த நிலத்தை வாங்கினார்கள். கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவகத்துக்கு ஏக்நாத் ரானடே ஒரு ரூபாய் நன்கொடைகளைத் தேடி நாடெங்கும் ஆள் அனுப்பினார். 1970-இல் அது திறக்கப்பட்டது. மதுரையில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். காந்தி மறைந்த பிறகு அவர் நினைவுக்கென்று அமைந்த நிதியும் நாடெங்கும் மக்கள் கொடுத்த காசில் சேர்ந்ததுதான். ஆகவே வீடுவீடாகப் போய்க் கேட்டதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி எங்காவது இப்படிப் பணம் திரட்ட நேர்ந்தால், சேருமுன் மூன்றை மட்டும் கேளுங்கள்: அறக்கட்டளையின் பெயரில் ரசீதுப் புத்தகம் தருவார்களா, பணம் நேரே அதன் கணக்குக்குப் போகுமா, இலக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும். வைப்புத்தொகை கேட்கும் இடத்தில் இந்த மூன்றையும் கேட்கக்கூட வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

அவர்களிடமிருந்து வழக்கறிஞர் நோட்டீசோ காவல் நிலைய அழைப்போ வந்தால் தனியாகப் போகாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். போகும்போது உறுதிமொழிப் படிவம், வங்கி விவரம், தபால் ஒப்புகை, ஒருங்கிணைப்பாளர் அனுப்பிய செய்திகளின் படிகள் ஆகியவற்றுடன் அந்த நோட்டையும் முழுதாக எடுத்துச் செல்லுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போக வேண்டாம்.